கை கோர்க்காத எழுத்து

உடும்பஞ்சோலை
12.8.1978

அக்காவுக்கு மருதாத்தாள் எழுதுவது.

நீங்கள் சீமையிலிருந்து திரும்பிச் சித்தூர்க் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக அம்மா எழுதியிருந்தாள். என் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. நானும் அதற்குப் பிறகு எழுதவில்லை. அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை. பயத்தில் எழுதுகிறேன்.

என் மகன் காளிச்சாமியை நீங்கள் பார்த்ததில்லை. மூன்று வயது ஆகிறது. எட்டாம் மாதம் வரை எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தான். உட்கார்ந்தான், தவழப் பார்த்தான். அப்புறம் கால் துவண்டது. நிற்கவே இல்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் கிடையாது. கட்டிலில் சாய்ந்துகொண்டு வீட்டையே அதட்டுவான். கோயமுத்தூர் டாக்டர், தசை கொஞ்சங்கொஞ்சமாக வற்றிக்கொண்டே போகும், மருந்து இல்லை என்றார். "சொந்தத்தில் கட்டினீர்களா?" என்று கேட்டார். மாமா, "என்ற அக்கா மகளுங்க" என்றார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறேன். இரண்டு மாதம் முடிந்துவிட்டது. மாமாவிடம் சொல்லவில்லை. சாமியைப் பார்த்துக்கொள்ளும் வேலுத்தாய்க்கு மட்டும் தெரியும். நான் வாந்தி எடுப்பதைப் பார்த்துவிட்டாள்.

சீமையிலிருந்து ஒரு தடவை அம்மாவுக்கு எழுதியிருந்தீர்கள். உடம்பின் ஒவ்வொரு துணுக்கிலும் ஆளின் முழு எழுத்தும் இருக்கிறது, நாங்கள் அதைச் சோதனைக் குழாயில் நகலெடுத்துப் படிக்கிறோம் என்று. அம்மாவுக்குப் புரியவில்லை, எனக்கு அனுப்பிவைத்தாள். சாமிக்கு எந்த எழுத்து பிசகியது, வயிற்றில் இருப்பதற்கும் அது பிசகியிருக்கிறதா என்று உங்களால் படித்துச் சொல்ல முடியுமா? போடியில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். ஐந்தாம் மாதத்துக்குள் என்றால் சட்டப்படியே எடுத்துவிடலாமாம்.

பதிலை ஏலத் தோட்டத்து விலாசத்துக்கே எழுதலாம். உங்கள் கையெழுத்தைக் கண்டால் மாமா உறையைப் பிரிக்காமல் கொடுத்துவிடுவார். அவருக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. வெட்கம்தான்.

மருதாத்தாள்


சித்தூர்
21.8.1978

மருதா,

என்னை நீ 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உறையைப் பிரித்ததும் அதுதான் கண்ணில் பட்டது. மீதியைப் படித்தபின் அது ஒரு விஷயமே இல்லை என்று ஆகிவிட்டது.

முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசி வரி வரைக்கும் நம்பிக்கையோடு வரக் கூடாது. நான் இருந்த ஆய்வகத்தில் ஒரு வைரஸின் எழுத்தைப் படித்தார்கள். ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்து. அதற்கே பல பேருக்குப் பல வருஷம் பிடித்தது. மனிதனுக்கு முந்நூறு கோடி. அதில் சாமியின் பிசகு எந்த இடத்தில் இருக்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இங்கே எனக்கு இருப்பது ஒரு கரும்பலகை, சுண்ணாம்புக்கட்டி, இரண்டு பழைய நுண்ணோக்கி.

சொல்ல முடிந்தது ஒன்று உண்டு. இந்த மாதிரி நோயில் உன்னிடமும் மாமாவிடமும் ஒரு நல்ல பிரதியும் ஒரு பிசகிய பிரதியும் இருக்கும். நல்லது ஒன்று இருந்தால் போதும், ஆள் நன்றாகவே இருப்பார். இருவருடைய பிசகிய பிரதிகளும் ஒரே பிள்ளைக்குப் போனால்தான் நோய். நாலில் ஒரு பங்கு அதற்கு வாய்ப்பு. மீதி மூன்று பங்கு பிள்ளை நடக்கும்.

எனக்கும் அது இருக்கலாம். பாதிக்குப் பாதி. உன் கடிதம் வந்த நாள் முதல் வகுப்பில் நிற்கும்போது என் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கால்களுக்கு ஒன்றும் வராது என்று எனக்கே தெரியும், இருந்தும் பார்க்கிறேன்.

மாமாவிடம் சொல். தனியாக வைத்துக்கொள்ளாதே.

கமலம்


உடும்பஞ்சோலை
1.9.1978

அக்கா,

நாலில் மூன்று என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இருப்பது ஒரு வயிறு. அதில் முக்கால் பிள்ளை பிறக்காது.

நீ எப்போதும் இப்படித்தான். தூரத்தில் நின்று சரியாகப் பேசுவாய். மாமாவுக்கு முதலில் பேசியது உன்னைத்தான். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, யார் பேரில் எவ்வளவு எழுதுவது என்று அப்பா தாலுக்கா கச்சேரிக்கு நடந்த காலம். நிலத்தைப் பிரித்து எழுதினார்கள்; அது கைவிட்டுப் போகாமல் இருக்கச் சொந்தத்தை முடிச்சுப் போட்டார்கள். நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கப்பல் மாதிரி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். நீ நின்றிருக்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தினார்கள். பதினெட்டு வயது. மாமா நல்லவர், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

இத்துடன் இருப்பது சாமியின் தாயத்து. உள்ளே அவன் தொப்புள்கொடி இருக்கிறது. விழுந்த அன்று வெள்ளியில் அடைத்து அரைஞாண்கயிற்றில் கட்டியது. நேற்று கயிற்றோடு கத்தரித்து எடுத்தேன். ஒவ்வொரு துணுக்கிலும் முழு எழுத்து என்றாயே, இது துணுக்கு. உன்னிடம் கருவி இல்லை என்றால் சீமைக்கு அனுப்பு. உடம்பு தானாக நகலெடுக்கிறது என்றால் நீங்களும் குழாயில் அதைத்தானே செய்கிறீர்கள்? ஒரு நகல் எடுங்கள். பிசகைக் கண்டுபிடியுங்கள். முடிந்தால் அந்த நகலைத் திருத்தி அவனுக்கே திருப்பிப் போடுங்கள்.

வேலுத்தாய் பார்த்துவிட்டாள். "அரணாக்கொடிய எங்கம்மா? இடுப்பு மொட்டையா இருக்கு பிள்ளைக்கு" என்றாள். குளிப்பாட்டக் கழற்றினேன் என்றேன். "கொடியக் கழட்டிக் குளிப்பாட்டுறத நான் இன்னைக்குத்தேன் பாக்கேன்" என்றாள்.

சீக்கிரம் செய்.

மருதா


சித்தூர்
9.9.1978

மருதா,

தாயத்தைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திறக்கவில்லை. கையில் வைத்திருக்கப் பயமாக இருந்தது. என் மேசை இழுப்பறையில் ஒரு பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருப்பது போல. வந்ததும் அவன் இடுப்பில் கட்டு.

நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். போன கடிதத்தில் சொல்லாமல் விட்டது என் அவசரம். நாங்கள் குழாயில் செய்வது உடம்பு செய்வது இல்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் கை கோர்த்து வரிசையாக நிற்பதை நினைத்துக்கொள். நாலே விதச் சட்டை. எந்தச் சட்டைக்குப் பின்னால் எந்தச் சட்டை என்பதுதான் எழுத்து. எதிரே இன்னொரு வரிசை; இந்தச் சட்டைக்கு எதிரில் அந்தச் சட்டைதான் நிற்கும் என்று விதி. ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் இந்த இரட்டை வரிசை விலகுகிறது. இரண்டு வரிசைக்கும் புது ஜோடி வந்து நிற்கிறது. ஒரே நேரத்தில் ஆயிரம் இடங்களில் வேலை தொடங்கும். தப்பான சட்டை வந்தால் உடனே பிடித்து வெளியே தள்ளிச் சரியானதை நிறுத்த ஆள் உண்டு. கடைசிப் பிள்ளை வரை நின்றுவிட்டால் ஒன்று இரண்டாகிவிட்டது. இரண்டிலும் பாதி பழையது, பாதி புதியது. நீயும் நானும் சாமியும் அப்படி வந்தவர்கள்தான்.

குழாயில் நாங்கள் எடுப்பது ஒற்றை வரிசையின் ஒரு சிறு துண்டு. எங்கே தொடங்குவது என்று நாங்களே ஒரு சிறு தொடக்க வரிசையைக் கொண்டுபோய் ஒட்ட வைக்க வேண்டும். பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலையாள், நொதி என்போம், ஒன்றே ஒன்றுதான். உடம்பில் அதோடு இருக்கும் உதவிக் கூட்டம் குழாயில் கிடையாது. பிறகு நாங்கள் ஒரு வஞ்சனை செய்கிறோம். உண்மைப் பிள்ளைகளுக்கு நடுவே, பார்ப்பதற்கு அதே மாதிரி, ஆனால் ஒரு கை இல்லாத பிள்ளைகள் சிலரைக் கலந்துவிடுகிறோம். முன்னால் இருப்பவனைப் பிடிக்கக் கை உண்டு. பின்னால் வருபவனுக்குக் கொடுக்கக் கை இல்லை. அவன் வந்து நின்றால் வரிசை அங்கேயே நின்றுவிடும். சிவப்புச் சட்டையில் அப்படி ஒருவன் என்றால், வரிசை எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் சிவப்பு என்று தெரிந்துவிடுகிறது. நாலு குழாய், நாலு சட்டை. நின்றுபோன வரிசைகளை மின்சாரத்தால் ஒரு கூழுக்குள் ஓட்டிக் குட்டை நெட்டையாக அடுக்கினால், ஒவ்வொன்றாகப் படிக்கலாம். ஒரு தடவைக்கு இருநூறு, முந்நூறு எழுத்து வரும்.

செல் படிப்பதே இல்லை, முழுவதையும் நகலெடுக்கிறது. நாங்கள் எதையும் முழுவதாக நகலெடுப்பதில்லை. அதனால்தான் படிக்க முடிகிறது. எங்கள் குழாயில் மிஞ்சுவது பாதியில் நின்ற லட்சக்கணக்கான வரிசைகள். அவற்றிலிருந்து ஒரு தசைநார்கூட வராது. சாமிக்குத் திருப்பிப் போட எங்களிடம் ஒன்றும் இல்லை.

நீ என் இடத்தில் நிறுத்தப்பட்டதைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் இருப்பதுபோல் எழுத எனக்கு வரும், எழுத மாட்டேன்.

கமலம்


உடும்பஞ்சோலை
25.9.1978

அக்கா,

தாயத்து வந்து சேரும் முன் சாமிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. இடைவிடாத மழை. நெஞ்சில் சளி கட்டி இரும முடியாமல் நீலம் பாய்ந்தான். இருமுவதற்கும் தசை வேண்டுமாம். அது எனக்குத் தெரியாது. மாமா அவனைக் குப்புறத் தன் தொடைமேல் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் மூலையில் நின்று, நான்தான் அறுத்தேன், நான்தான் அறுத்தேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது தேறிவிட்டான். தாயத்தைக் கட்டியாயிற்று. வேலுத்தாய் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெளியூர் போயிட்டு வந்துருக்கு போல" என்றாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அந்தக் கை இல்லாத பிள்ளை என்னைத் தூங்கவிடவில்லை. சாமியின் உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று புகுந்து வரிசையை நிறுத்திவிட்டதா? இப்போது வயிற்றுக்குள்ளும் நிற்கிறதா? நான் ஏதாவது தின்றதில் இருந்ததா? ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் புகை, தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து, எதைக் கண்டாலும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். தப்பான சட்டையை வெளியே தள்ள ஆள் உண்டு என்றாயே. சாமி விஷயத்தில் அந்த ஆள் எங்கே போனான்?

அடுத்த வாரம் போடிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். வேலுத்தாய் கூட வருவாள். அவள் அக்கா வீட்டுக் காதுகுத்து என்று மாமாவிடம் சொல்லிக்கொள்வோம்.

மருதா


சித்தூர்
1.10.1978

மருதா,

அவசரமாக எழுதுகிறேன். கை இல்லாத எழுத்து நாங்கள் செய்து வைத்தது. அது எங்கள் குழாயில்தான் இருக்கும். உன் உடம்பிலும் இல்லை, சாமி உடம்பிலும் இல்லை. ஏலக்காய்ப் புகையில் இல்லை. நீ தின்ற எதிலும் இல்லை. என் உவமை உன்னை இப்படிப் பயமுறுத்தும் என்று நான் நினைக்கவில்லை.

சாமியின் வரிசை நிற்கவில்லை. கடைசிவரை முழுமையாகத்தான் நகலாகியிருக்கிறது. தப்பைத் தள்ளும் ஆள், பழைய வரிசையைப் பார்த்துத்தான் புதியதைச் சரிபார்ப்பான். பழையதே என்றோ பிசகியிருந்தால் அவனுக்கு அதுதான் சரி. நம் முன்னோர் யாரோ ஒருவரிடம் பிசகியது. உடம்பு அதை அவ்வளவு கவனமாக, ஒரு எழுத்து சிந்தாமல், தலைமுறை தலைமுறையாக நகலெடுத்து உன்னிடமும் மாமாவிடமும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. எனக்குப் பயம் தருவது அந்தக் கவனம்தான். யாரும் ஒரு தவறும் செய்யவில்லை. நீயும் செய்யவில்லை.

போடிக்குப் போவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். போனால் பொய் சொல்லிவிட்டுப் போகாதே. மலைப்பாதையில் மண் சரிந்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. போனாலும் போகாவிட்டாலும் ஒரு வரி எழுது. தபால்காரர் கல்லூரி வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் பாடத்தை நடுவில் விட்டுவிடுகிறேன்.

கமலம்


உடும்பஞ்சோலை
20.10.1978

அக்கா,

பாதை நாலு நாளைக்கு முன்தான் திறந்தது. உன் கடிதமும் நான் போடிக்குப் போய் வந்த பிறகுதான் கிடைத்தது. இதைப் பொறுமையாகப் படி.

கிளம்புவதற்கு முதல் நாள் வேலுத்தாய் ஸ்டோருக்கே போய் மாமாவிடம் சொல்லிவிட்டாள். "காதுகுத்துன்னு பொய்யச் சொல்லிக் கூட்டிட்டுப் போயி, அம்மாவுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கிட்டுப் போயி நிக்க ஐயா?" என்றாளாம். மாமா வந்தார். நனைந்த தலையைக்கூடத் துவட்டவில்லை.

"ஏம்புள்ள, எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"பயம் மாமா."

"எனக்கு மட்டும் இல்லியா?" என்றார். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். துவட்டிக்கொண்டே, "நானே கூட்டிட்டுப் போறன். பையனையும் தூக்கிக்கோ. மறுக்காச் சளி கட்டுச்சுன்னா வேலுத்தாயால ஒத்தையில சமாளிக்க முடியாது" என்றார்.

போடியில் அந்த லேடி டாக்டர் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். சாமி மாமாவின் மடியில். உள்ளே போனதுமே, "அதக் காதுல வெச்சா என்ன கேக்குமுங்க?" என்று ஆரம்பித்துவிட்டான்.

"உள்ள டப்பு டப்புன்னு சத்தம் கேக்கும்" என்றார் டாக்டர்.

"எனக்கும் உள்ள இருக்குதுங்களா?"

அந்த அம்மா சிரித்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவன் காதில் மாட்டி, மறுமுனையை அவன் நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இருக்குதுங்!" என்று கத்தினான். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு டாக்டர் என்னிடம் திரும்பினார். "எதுக்கும்மா வேண்டாங்கறீங்க? காரணம் சொல்லணும். நான் எழுதணும்."

காரணம் எதிரில் உட்கார்ந்து தன் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தது, அக்கா. நான் வாயைத் திறந்தேன். இவனைப் போல இன்னொன்று வேண்டாம் என்று இவன் முன்னால் எப்படிச் சொல்வது? மாமாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். இவனை வெளியே தூக்கிப் போகச் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்ல முடியவில்லை. "அப்புறமா வர்றேனுங்க" என்று எழுந்துவிட்டேன்.

தைரியம் வந்து திரும்பினேன் என்று நினைக்காதே. வாய் வரவில்லை, அவ்வளவுதான். போடிமெட்டு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும், வண்டியைத் திருப்புங்கள் என்று சொல்ல நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். இனி நாள் அதிகம் இல்லை.

மருதா


உடும்பஞ்சோலை
3.9.1979

அக்கா,

பெண் பிறந்தபோது மாமா கொடுத்த தந்தியோடு சரி, நான் உனக்கு எழுதவே இல்லை. நீ எழுதிய கடிதங்களை எல்லாம் வைத்திருக்கிறேன். சிலவற்றைப் பிரிக்கவில்லை. அவற்றில் ஏதாவது விளக்கம் இருக்குமோ என்று பயம்.

நாச்சம்மாளுக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. நாச்சி என்று கூப்பிடுகிறோம். சிரிக்கிறாள், புரள்கிறாள். சாமியும் இந்த வயதில் சிரித்தான், புரண்டான். அதனால் நான் எதையும் நம்புவதில்லை. மடியில் நிறுத்திப் பார்க்க மாட்டேன். கால் அசைந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். மாமாவும் அப்படித்தான், குழந்தையைத் தூக்கினால் கழுத்தையும் முகத்தையும் மட்டும் கொஞ்சுகிறார். இந்த வீட்டில் அவளுக்குக் கால் இருப்பதைக் கவனிக்கிறவன் சாமி ஒருவன்தான். "பாப்பா என்ன ஒதைக்கறா, சொல்லி வைங்க" என்று புகார் செய்வான். அது உதையா, போர்வை அசைந்ததா என்று நாங்கள் கேட்பதில்லை.

எட்டாம் மாதம் வருவதை நினைத்துக் காலண்டர் தாளைக் கிழிக்காமலே விடுகிறேன். அப்போது நீ இங்கே வந்து இரு. இரண்டு மூன்று நாள் போதும். ஆனால் ஒரு நிபந்தனை. அக்காவாக, பெரியம்மாவாக, எப்படி வேண்டுமானாலும் வா; படித்தவளாக வராதே. அவளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. எதையாவது கண்டுபிடித்தாலும் என்னிடம் சொல்லக் கூடாது. வாக்குக் கொடுத்தால் வா.

மருதா


சித்தூர்
14.9.1979

மருதா,

வருகிறேன். வாக்குக் கொடுக்கிறேன்.

எனக்கும் மாமாவைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டாம்.

கமலம்


உடும்பஞ்சோலை
18.11.1979

அக்கா,

நீ போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. சாமி உன்னைப் போலவே மூக்கை உயர்த்திப் பேசிக் காட்டுகிறான். மாமா, "கமலம் ஒண்ணும் மாறல. அப்பவும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே போயி நிப்பா" என்றார். உன் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

கடைசி நாள் நான் ஸ்டோர்ப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது உன் கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றாய். அடுப்பை நான் அணைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். நீ பஸ் ஏறிய பிறகு சாமி சொன்னான்: "பெரீம்மா பாப்பா முட்டில கையால தட்டுனாங்க. மறுக்காத் தட்டுனாங்க. மூக்குக்கண்ணாடி கீழ உழுந்துருச்சு. அப்பறம் அழுதாங்க. எங்கிட்ட, அம்மாகிட்டச் சொல்லாத சாமின்னாங்க. நாஞ் சொல்லல, உங்ககிட்டத்தான் சொல்றேன்."

முட்டியில் தட்டுவது என்ன என்று எனக்குத் தெரியும். கோயமுத்தூர் டாக்டர் ரப்பர் சுத்தியலால் சாமிக்கு அப்படித்தான் தட்டினார். மற்றப் பிள்ளைகளுக்குக் கால் துள்ளும், இவனுக்குத் துள்ளவில்லை, பாருங்கள் என்றார். மரத்தில் தட்டியது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் பேனாவை மூடினார்.

நாச்சிக்குத் துள்ளியதா என்று சாமியைக் கேட்டிருக்கலாம். அவனுக்குத் தெரிந்திருக்கும். அதை அவன் வாயிலிருந்து நான் கேட்கக் கூடாது, அக்கா. வேறு யாரிடமிருந்து வேண்டுமானாலும் கேட்பேன், அவனிடமிருந்து கேட்க மாட்டேன். நானே தட்டிப் பார்க்கலாம் என்று பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையை ஓங்குகிறேன். கை இறங்குவதில்லை. மாமா அறைக்குள் வந்தால் தலையைக் கோதுவதுபோல் காட்டிக்கொள்கிறேன்.

சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியவள் நான்தான். இப்போது சொல்லச் சொல்கிறேன். நீ கண்ணாடியைத் தவறவிட்டு அழுதிருக்கிறாய். எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன்.

மருதா


சித்தூர்
23.11.1979

மருதா,

துள்ளியது.

இதை முதல் வரியாக எழுதுகிறேன். பாதியில் நீ படிப்பதை நிறுத்திவிட்டாலும் இது உன்னிடம் இருக்கட்டும்.

வாக்கை மீறினேன். நீ ஸ்டோருக்குப் போனதும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபடி படுத்திருந்தாள். என்னால் முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே கை விளிம்பால் மெதுவாகத் தட்டினேன். சந்தேகம் வந்து மறுபடி தட்டினேன். அழுதது உண்மை. நீ உள்ளே வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். வாக்கை மீறியதைச் சொல்லாமல் இதை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் புகை என்று உளறிவிட்டேன். பிறகு பஸ்ஸில் வேறு பயம் பிடித்துக்கொண்டது. சரியான இடத்தில்தான் தட்டினேனா? காலை ஆட்டி வைத்ததே என் கைதானோ? கால்மேல் கால் போட்டு என் முட்டியிலேயே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "என்னம்மா, வலிப்பா? வண்டிய நிறுத்தச் சொல்லட்டா?" என்று கண்டக்டர் கேட்டார்.

நான் டாக்டர் இல்லை. கோயமுத்தூருக்குக் கூட்டிப் போங்கள். அந்த டாக்டரே பார்த்துச் சொல்லட்டும். நானும் வருகிறேன். நாச்சி நடப்பாள் என்றாலும், உன்னையும் மாமாவையும் போல ஒரு பிசகிய பிரதியைச் சுமந்துகொண்டிருக்கலாம். அவளுக்குக் கல்யாணம் பேசும் காலம் வரும். அப்போது நாம் இருவரும் உயிரோடு இருந்தால், சொந்தத்தில் வேண்டாம் என்று சொல்ல இரண்டு வாய் இருக்கும். சாமியின் மார்புக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள். இதெல்லாம் மறைக்கும் விஷயம் இல்லை, எழுதிவிட்டேன்.

ஆனால் கண்ணாடி விஷயத்தில் நீ என்மேல் வீண்பழி போடுகிறாய். மூன்றாவது தடவை நான் தட்டவே இல்லை. குனிந்து கையை ஓங்கியதுமே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நடுவில் நடந்ததைச் சாமி உனக்குச் சொல்லவில்லை. கண்ணாடியை நான் தவறவிடவில்லை, மருதா. உன் மகள் உதைத்துத் தள்ளினாள்.

கமலம்